இரவில் மூச்சுச் சத்தம், பகலில் ஆளைக் காணோம்: துடுப்பில்லா ஓங்கில் இரவாடியா?

தங்கச்சிமடத்திலிருந்து நீங்கள் கேட்டிருப்பதை முதலில் என் சொற்களில் சொல்லிவிடுகிறேன். உங்கள் அப்பா நாட்டுப்படகில் வடகடலுக்கு, அதாவது பாக் நீரிணைப் பக்கம் போய், இரவில் வலை விட்டுக் காத்திருக்கும்போது, படகுக்குப் பக்கத்தில் 'புஸ்' என்று மூச்சு விடும் சத்தம் கேட்கிறது. டார்ச் அடித்தால், முதுகில் துடுப்பே இல்லாத, கருஞ்சாம்பல் நிறமான ஒரு சின்ன ஓங்கில் அமிழ்ந்து போவது தெரிகிறது. பகலில் அதே இடத்தில் அவர் அதைப் பார்த்ததில்லை. இந்த வகை இரவில்தான் அதிகமாக ஒலி எழுப்பி, எதிரொலியைக் கொண்டு இரை தேடுகிறது என்று நீங்கள் எங்கோ படித்திருக்கிறீர்கள். இரண்டையும் சேர்த்துப் பார்த்து, "அப்படியானால் இது வௌவால் மாதிரி பகலில் தூங்கி இரவில் வேட்டையாடும் பிராணியா?" என்று கேட்கிறீர்கள்.

இதற்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. அந்த விலங்கு இரவில்தான் அந்த இடத்துக்கு வருகிறதா? வந்தால் இரவில்தான் அதிகம் ஒலி எழுப்புகிறதா? ஒலி எழுப்பினால் அது இரை பிடிப்பதற்காகத்தானா? மூன்றுக்கும் ஒரே விடை என்று வைத்துக்கொண்டால் குழப்பம் வரும். நான் கடல் உயிரியல் படித்தவன். மண்டபத்தை ஒட்டிய கடலில் நீருக்கடி ஒலிவாங்கியை இறக்கிக் கேட்பதும், பதிவானதைக் கணினியில் போட்டுப் பிரிப்பதுமாகப் பல வருடம் போயிருக்கிறது. அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: இதை இரவாடி என்று சொல்லிவிட முடியாது. இரவிலும் பகலிலும் ஒலி எழுப்பும், இரவிலும் பகலிலும் தின்னும். பல இடங்களில் இரவில் கொஞ்சம் கூடுதல், சில இடங்களில் அப்படியே தலைகீழ். சூரியனைவிட, அது தின்னும் மீனும் இறாலும்தான் அதன் நேரத்தை அதிகம் தீர்மானிக்கின்றன.

முதலில் உங்கள் அப்பா பார்த்ததையே எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அதில் ஒரு நுட்பம் இருக்கிறது. அவர் சொல்லும் விலங்கு, டால்பின் குடும்பத்தைச் சேர்ந்தது அல்ல. புத்தகத் தமிழில் கடற்பன்றி என்பார்கள், அதில் முதுகுத்துடுப்பு இல்லாத வகை. மன்னார் வளைகுடா, பாக் நீரிணை இரண்டிலும் உண்டு. வளர்ந்தது ஒன்றரை மீட்டருக்குக் கொஞ்சம் மேல் இருக்கும். நம் ஊரில் எல்லாவற்றையும் சேர்த்து ஓங்கில் என்றே சொல்லிவிடுவதால், கூட்டமாகத் துள்ளிக்கொண்டு படகோடு போட்டி போடும் ஓங்கிலை மனதில் வைத்து இதைத் தேடுகிறோம். இது துள்ளாது. தனியாகவோ இரண்டு மூன்றாகவோதான் திரியும். மேலே வரும்போது நெற்றியும் முதுகில் ஒரு கீற்றும் மட்டும் தெரிந்து உடனே மறையும். துடுப்பு இல்லாததால் கண்ணுக்கு ஒரு அடையாளமும் நிற்காது. பிற்பகலில் கடல்காற்று எழும்பி நீர் சிலிர்த்துவிட்டால், இருபது மீட்டர் தள்ளி வந்து போனாலும் பழகிய கண்ணுக்கே தப்பிவிடும். இரவில் காற்று தணிகிறது, என்ஜின் நிறுத்தியிருக்கிறது, பேச்சும் இல்லை. அப்போது மூச்சுச் சத்தம் தெளிவாகக் கேட்கும். ஆக, பகலில் காணாததும் இரவில் கேட்பதும், விலங்கு அப்போதுதான் வருகிறது என்பதற்குச் சான்று ஆகாது. பகலில் கண்ணால் தேடுகிறோம், இரவில் காதால் கேட்கிறோம். இந்த விலங்கைப் பொறுத்தவரை காதுதான் நல்ல கருவி. உங்கள் அப்பா கவனித்தது தவறு என்று சொல்லவில்லை. அவர் கேட்டது நிச்சயம் உண்மை. அதிலிருந்து எடுக்கும் முடிவைத்தான் கொஞ்சம் நிறுத்திவைக்கச் சொல்கிறேன்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அவர் கேட்பது மூச்சைத்தான், எதிரொலிக்காக அது எழுப்பும் ஒலியை அல்ல. அந்த ஒலியை மனிதக் காது கேட்கவே முடியாது. நம் காது எட்டும் எல்லை 20 கிலோஹெர்ட்ஸ், அதாவது வினாடிக்கு இருபதாயிரம் அதிர்வு. கடற்பன்றிகள் எழுப்பும் 'கிளிக்' ஒலியின் வலு முழுவதும் 110 முதல் 150 கிலோஹெர்ட்ஸுக்குள் ஒரு குறுகிய பட்டையில் இருக்கிறது. ஒரு கிளிக் நீடிப்பது ஒரு வினாடியில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு, அவ்வளவுதான். டால்பின்கள் கீச்சென்று விசிலும் அடிக்கும், அதைப் படகின் அடிப்பலகையில் காதை வைத்தாலே சில சமயம் கேட்கலாம். கடற்பன்றி விசில் அடிப்பதே இல்லை. அதனால் யாராவது "அது கத்துவதைக் கேட்டேன்" என்று சொன்னால், அவர் கேட்டது பெரும்பாலும் டால்பினை.

இந்த உயர்ந்த ஒலியைக் கண்டுபிடித்த கதையே கேள்விக்குப் பாதி பதில் மாதிரி. ஐரோப்பாவின் குளிர்கடலில் வாழும் ஹார்பர் போர்பாய்ஸ் என்ற கடற்பன்றி வகையைத்தான் உலகில் அதிகம் ஆராய்ந்திருக்கிறார்கள். 1960களில் அதன் ஒலியைப் பதிவு செய்தவர்கள், அது தாழ்ந்த ஒலி எழுப்புகிறது என்று எழுதினார்கள். அவர்கள் கையில் இருந்த கருவி தாழ்ந்த ஒலியை மட்டும்தான் பிடிக்கும். 1973இல் பெர்டல் மோல், சோரன் ஆண்டர்சன் என்ற இரண்டு டென்மார்க் ஆய்வாளர்கள் உயர் அதிர்வெண் கருவியை வைத்துக் கேட்டபோதுதான், உண்மையான வலு நூறு கிலோஹெர்ட்ஸுக்கு மேலே இருப்பது தெரிந்தது. அதுவரை கேட்டது அந்த ஒலியின் மெல்லிய வால் மாத்திரம். எந்தக் கருவியால் கேட்கிறோமோ அதற்கு ஏற்ற விலங்குதான் நமக்குக் கிடைக்கும். இரவு பகல் கணக்கிலும் இதே ஆபத்து இருக்கிறது, கீழே வருகிறேன்.

கிளிக் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் அடுத்தது எளிது. மூக்குக் குழாயின் உள்ளே இருக்கும் உதடு போன்ற மடிப்புகளில் காற்று தட்டும்போது ஒலி பிறக்கிறது. நெற்றியிலிருக்கும் கொழுப்புத் திரட்சி அதைக் குவித்து முன்னால் அனுப்புகிறது. மீனிலோ தரையிலோ பட்டுத் திரும்பும் எதிரொலியை, கீழ்த்தாடையில் உள்ள கொழுப்பு உள்வாங்கி உட்காதுக்குக் கடத்துகிறது. கடல்நீரில் ஒலி வினாடிக்குச் சுமார் 1,500 மீட்டர் போகும். பொதுவாக எதிரொலி வந்த பிறகுதான் அடுத்த கிளிக்கை விடும். அதனால் இரண்டு கிளிக்குகளுக்கு நடுவில் ஒரு வினாடியில் இருபதில் ஒரு பங்கு இடைவெளி இருந்தால், அது சுமார் 37 மீட்டர் வரைக்கும் பார்க்கிறது என்று கணக்கிடலாம். இரையை நெருங்க நெருங்க இடைவெளி சுருங்கும். கடைசி நொடியில் வினாடிக்கு முந்நூறுக்கும் மேல் கிளிக் விட்டு, தனித்தனி ஒலி என்று பிரிக்க முடியாதபடி ரீங்காரமாக மாறிவிடும். வேகத்தைக் குறைத்துக் கேட்டால், வாழைத்தண்டை வேகமாக நறுக்கும் சத்தம் மாதிரி தொடங்கி வண்டின் ரீங்காரத்தில் முடியும். பதிவில் அந்த ரீங்காரத்தைப் பார்க்கும்போது எனக்கு இன்றைக்கும் மெய்சிலிர்க்கும். கும்மிருட்டில், கலங்கல் நீரில், விரல் நீள மீன் ஒன்றை அது தொட்டுவிடும் தூரத்தில் வைத்திருக்கிறது என்று அர்த்தம்.

அது எப்போதும் கிளிக் விட்டுக்கொண்டே இருக்குமா என்றால், இல்லை. நம் துடுப்பில்லாக் கடற்பன்றியின் நெருங்கிய உறவு சீனாவின் யாங்சி ஆற்றில் இருக்கிறது. அந்த விலங்குகளின் உடலில் சிறிய பதிவுக் கருவியை ஒட்டி, தொமொனாரி அகமட்சு என்ற ஜப்பானிய ஆய்வாளரின் குழு 2005இல் ஒரு முடிவை வெளியிட்டது. விலங்கு முன்னால் 77 மீட்டர் வரை கிளிக் விட்டுப் பார்த்துக்கொள்கிறது. அதன் பிறகு அமைதியாக நீந்துகிறது, அந்த அமைதி நீச்சல் பெரும்பாலும் 20 மீட்டருக்குள்தான். அதாவது, எவ்வளவு தூரம் பார்த்து வைத்ததோ அந்த எல்லைக்குள்ளேதான் வாயை மூடிக்கொண்டு போகிறது. இருட்டில் ஒரு தடவை டார்ச் அடித்துப் பாதையைப் பார்த்துக்கொண்டு, அணைத்துவிட்டு நாலைந்து எட்டு வைப்பவரைப் போல. வலையில் சிக்குவதைப் பற்றிப் பேசும்போது இந்த அமைதியான இடைவெளி திரும்ப வரும்.

இனி இரவு பகல். இதில் முதலில் பெயர் வாங்கிய ஆய்வு, யூலியா கார்ல்ஸ்ட்ராம் ஸ்காட்லாந்துக் கடலில் ஹார்பர் போர்பாய்ஸை வைத்துச் செய்தது, 2005இல் வெளியானது. கிளிக்குகளைத் தானாகவே எண்ணும் கருவிகளைக் கடலுக்குள் போட்டு வைத்தார்கள். பகலைவிட இரவில் கருவி விலங்கைச் சந்தித்தது அதிகம். அதைவிட முக்கியம், கிளிக்குகளுக்கு நடுவிலான இடைவெளி ஒரு வினாடியில் நூறில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிய வரிசைகளின் பங்கும் இரவில் கூடியிருந்தது. இரையை நெருங்கும்போது இடைவெளி சுருங்கும் என்று மேலே சொன்னேன் அல்லவா, அதனால் இது இரவு வேட்டைக்கு நல்ல அறிகுறி. ஐரோப்பாவில் நார்த் சீ என்று சொல்லும் கடலில், எரிவாயு மேடைகளைச் சுற்றிக் கேட்டபோதும் இரவு நடமாட்டமே மேலோங்கியது. நீங்கள் படித்த செய்தி இந்த வழியில் வந்ததாகத்தான் இருக்கும், அது பொய்யில்லை.

ஆனால் அதே ஸ்காட்லாந்தில், மோரே வளைகுடாவில் பல இடங்களில் கருவி போட்டு 2017இல் வெளியான ஆய்வு ஒன்று கதையை மாற்றியது. மணல் தரை உள்ள இடங்களில் பகலில் அதிகம் கேட்டது, சேற்றுத் தரை உள்ள இடங்களில் இரவில் அதிகம் கேட்டது. ஒரே கடல், ஒரே வகை விலங்கு, ஆனால் தரைக்குத் தரை நேரம் மாறுகிறது. ஒரே ஒரு கருவியை மணலில் மட்டும் போட்டிருந்தால் 'பகலாடி' என்று எழுதியிருப்பார்கள், சேற்றில் மட்டும் போட்டிருந்தால் 'இரவாடி' என்று எழுதியிருப்பார்கள். ஏதோ ஒரு உள்கடிகாரம் இரவானதும் ஒலி எழுப்பு என்று சொல்கிறது என்ற விளக்கம் இதற்குப் பொருந்தவில்லை. இரை இருக்கும் இடத்துக்கு, இரை கிடைக்கும் நேரத்தில் போகிறது என்ற விளக்கமே பொருந்துகிறது. கடற்பன்றியின் நாள்முறையைப் பற்றி இதைத்தான் நான் உறுதியாகச் சொல்வேன். மற்றதெல்லாம் இடத்துக்கு இடம் பார்த்துச் சொல்ல வேண்டியது.

பகலில் தூங்குமா என்ற உங்கள் கேள்விக்கு இன்னும் விடை சொல்லவில்லை. டென்மார்க்கில் ஹார்பர் போர்பாய்ஸ் உடலில் கருவி ஒட்டிப் பார்த்து 2016இல் வெளியிட்ட கணக்கு எல்லோரையும் திகைக்க வைத்தது. 3 முதல் 10 சென்டிமீட்டர் நீளமுள்ள சின்ன மீன்களை, மணிக்கு 550 வரை துரத்துகின்றன, அதில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேல் பிடித்தும் விடுகின்றன. இரவில் தீவிரம் கூடுகிறது, ஆனால் பகலில் நிற்பதில்லை. குளிர்கடலில் சின்ன உடம்பை வைத்துக்கொண்டு சூடு காக்க வேண்டுமென்றால் தின்றுகொண்டே இருக்க வேண்டும் என்பது அவர்கள் விளக்கம். இதற்கு மறுப்பும் வந்தது. கருவி ஒட்டிய விலங்குகள் எல்லாம் அடைப்பு வலைகளுக்குள் மாட்டியிருந்தவை, பசியோடு வெளியே விட்டதால் அப்படி வெறித்தனமாகத் தின்றிருக்கலாம் என்று வேறு சிலர் 2018இல் எழுதினார்கள். எனக்கு அந்த மறுப்பில் நியாயம் இருப்பதாகப் படுகிறது. 550 என்ற எண்ணை எல்லா நாளுக்கும் பொருத்தக் கூடாது. இரவும் பகலும் தின்னும் என்பதை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். தூக்கம் என்று பார்த்தால், டால்பின், கடற்பன்றி போன்ற கடல் பாலூட்டிகள் மூளையின் ஒரு பாதியை மட்டும் உறங்க விட்டு மறுபாதியால் மூச்சு விடுவதைக் கவனித்துக்கொள்கின்றன. ஹார்பர் போர்பாய்ஸில் அதிகம் கிளிக் விடாமல், ஒரே சீராக வளைந்து இறங்கி ஏறும் ஒருவகை முக்குளிப்பைக் கண்டு, அதுதான் ஓய்வாக இருக்கும் என்று கருதுகிறார்கள். அப்படிப்பட்ட துண்டு துண்டான ஓய்வுதான், நம்மைப் போல ஒரு முழுப் பொழுதைத் தூங்கிக் கழிப்பதில்லை.

இப்போது கருவியின் பக்கம் வருகிறேன், ஏனென்றால் என் வேலையில் பாதி நேரம் இதில்தான் போகிறது. கருவி எண்ணுவது கிளிக்கை, விலங்கை அல்ல. இந்த உயர் ஒலி கடல்நீரில் சீக்கிரம் தேய்ந்துவிடும், சில நூறு மீட்டருக்கு அப்பால் கேட்காது. ஒலிக்கற்றையும் டார்ச் வெளிச்சம் போல ஒடுக்கமானது. விலங்கு கருவியை நோக்கித் திரும்பினால்தான் பதிவாகும். பகலில் அது தரையைப் பார்த்துத் தலைகீழாக மேய்ந்து, இரவில் நடுநீரில் மட்டமாக நீந்துகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். விலங்குகளின் எண்ணிக்கை மாறாமலேயே, இரவில் பதிவு கூடிவிடும். இருட்டில் கண் உதவாததால் அதிகம் கிளிக் விடுகிறது என்றாலும் அதே மாதிரி கூடும். அதனால்தான் வெறும் கிளிக் எண்ணிக்கையை நான் நம்புவதில்லை. மொத்தக் கிளிக்குகளில் எத்தனை பங்கு ரீங்காரமாக முடிந்தது என்பதைத்தான் பார்ப்பேன். அந்தப் பங்கு இரவில் கூடினால் வேட்டையைப் பற்றிப் பேசலாம். கூடாவிட்டால் வந்து போவது கூடியிருக்கலாம், அல்லது திசை மாறியிருக்கலாம், அவ்வளவுதான்.

நம் கடலுக்கு என்று தனியாக இரண்டு தொல்லைகள் உண்டு. ஒன்று, பாறைகளிலும் பவளத்திலும் வாழும் சொடக்கு இறால். ஒலிவாங்கியைத் தென்கடலில், அதாவது மன்னார் வளைகுடாவில், தீவுகளுக்குப் பக்கத்தில் இறக்கினால், எண்ணெயில் கடுகு வெடிக்கிற மாதிரி இடைவிடாமல் கேட்கும். பெருவிரல் அளவுகூட இல்லாத உயிர், தன் பெரிய கொடுக்கைச் சொடுக்கும்போது ஒரு நீர்க்குமிழி உடைந்து வரும் சத்தம் அது. அந்தச் சத்தம் கடற்பன்றியின் ஒலிப்பட்டை வரைக்கும் ஏறுகிறது. அதற்கும் ஒரு நாள்முறை உண்டு, பல கடல்களில் விடியலையும் அந்தியையும் ஒட்டி அது உச்சத்துக்குப் போகிறது. ஆக, கடற்பன்றியின் ஒலி அந்த நேரத்தில் குறைந்ததாகத் தெரிந்தால், உண்மையில் குறைந்ததா, இறால் சத்தத்தில் அமுங்கியதா என்று பார்க்க வேண்டும். இரண்டாவது, விசைப்படகுகளில் இருக்கும், ஒலியை அனுப்பி ஆழம் அளக்கும் ஆழமானி. அது 50, 200 கிலோஹெர்ட்ஸில் தட்டிக்கொண்டே இருக்கும். சீராக, மாறாத இடைவெளியில் வருவதால் கண்ணால் பார்த்துப் பிரித்துவிடலாம். கணினியிடம் மட்டும் விட்டால் சில சமயம் ஏமாறும்.

சரி, பாக் நீரிணையில் என்ன எதிர்பார்க்கலாம்? இங்கிருந்து நான் சொல்வதில் ஊகம் கலந்திருக்கிறது, அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். வடகடலின் பெரும்பகுதியில் ஆழம் 15 மீட்டரைத் தாண்டாது. தரை சேறும் மணலும் கடற்புல்லும் கலந்தது, நீர் பெரும்பாலும் கலங்கல். துடுப்பில்லாக் கடற்பன்றி சின்ன மீன், இறால், கணவாய் மூன்றையும் தின்னும். இறால் பகலில் மணலுக்குள் புதைந்திருந்து இருட்டியதும் வெளியே வரும், இதை உங்கள் அப்பாவுக்கு நான் சொல்லத் தேவையில்லை. காரல் மீன் பகலில் தரையை ஒட்டிக் கிடந்து இரவில் மேலே கலையும். இந்த இரண்டையும் வைத்துப் பார்த்தால், வடகடலின் சேற்றுப் பகுதிகளில் இரவு ரீங்காரம் கூடுதலாக இருக்கும் என்பது என் எதிர்பார்ப்பு. அதே சமயம், நீர் எப்படியும் கலங்கல் என்பதால் பகலிலும் கண்ணால் பெரிய பயன் இருக்காது. அதனால், இருட்டு என்ற ஒரே காரணத்துக்காக இரவில் கிளிக்கைக் கூட்ட வேண்டிய தேவை இங்கே குறைவு. ஸ்காட்லாந்தின் தெளிந்த நீரில் காணும் அளவுக்கு இரவு பகல் வித்தியாசம் இங்கே பெரிதாக இருக்காது என்று நினைக்கிறேன். இரண்டும் எதிரெதிர்ப் பக்கம் இழுக்கின்றன, எது வெல்லும் என்பதை நீண்ட காலப் பதிவுதான் சொல்ல வேண்டும்.

இந்தக் கேள்விக்கு நம் கடற்கரையில் ஒரு வசதி இருக்கிறது, அதை யாரும் அதிகம் பேசுவதில்லை. ஸ்காட்லாந்தின் வடபகுதியில் கோடைப் பகல் 18 மணி நேரம், குளிர்காலப் பகல் 7 மணி நேரம்கூட இல்லை. அங்கே இரவின் நீளம் மாறுவதும், பருவம் மாறுவதும், மீன் மாறுவதும் ஒன்றோடொன்று பின்னிக்கிடக்கின்றன. ராமநாதபுரம் கரையில் வருடத்தின் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் ஒரு மணி நேரத்தை ஒட்டித்தான். இரவு கிட்டத்தட்ட ஒரே நீளம். அதனால் வாடைக்காலத்துக்கும் தென்மேற்குக் காற்று வீசும் கச்சான் காலத்துக்கும் நடுவில் ஒலி மாறினால், அதை இரவின் நீளத்தின் மேல் போட முடியாது, வேறு காரணம் தேடியாக வேண்டும். ஆராய்ச்சிக்கு இது பெரிய கொடுப்பினை.

ஓதத்தையும் மறக்கக் கூடாது. இங்கே நீர் ஏறி இறங்குவது ஒரு மீட்டருக்கும் குறைவுதான், ஆனாலும் பாம்பன் கால்வாயில் நீரோட்டம் எவ்வளவு இழுக்கும் என்று உங்களுக்குத் தெரியும். ஓதம் ஒவ்வொரு நாளும் சுமார் 50 நிமிடம் தள்ளிப் போகிறது. ஒரே வாரம் மட்டும் பதிவு செய்தால், அந்த வாரம் இரவில் ஏற்றம் இருந்தது என்பதற்காகக் கூடிய ஒலியை இரவுக்காகக் கூடியது என்று தவறாக எழுதிவிடுவோம். குறைந்தது ஒரு முழுச் சுற்று, அமாவாசையிலிருந்து அடுத்த அமாவாசை வரை வேண்டும். நிலாக்காலத்தில் மீன் மேலே வருவது குறையும் என்று கரையில் எல்லோரும் சொல்கிறார்கள், அதையும் அப்போதுதான் சேர்த்துப் பார்க்க முடியும். இதற்கு மேல் மனிதர்கள் போட்ட தாளமும் இருக்கிறது. விசைப்படகுகள் வாரத்தில் மூன்று நாள், நாட்டுப்படகுகள் மற்ற நாட்கள் என்ற முறை வடகடலில் பல வருடமாக இருக்கிறது. விசைப்படகு இரவெல்லாம் இழுத்துவிட்டு விடிந்து கரை சேரும். அந்த இரவுகளில் கடலடியில் சத்தம் வேறு, மற்ற இரவுகளில் வேறு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் அந்தச் சத்தம் அடியோடு அடங்குகிறது. நாள்முறை உண்மையிலேயே இரையால் வருகிறதா, அல்லது விசைப்படகுச் சத்தத்துக்குப் பயந்து ஒதுங்குவதால் வருகிறதா என்று பிரித்துப் பார்க்க இதைவிட நல்ல சந்தர்ப்பம் உலகில் அதிகம் இல்லை. தடைக்காலத்திலும் அதே இரவு ஏற்றம் தெரிந்தால், காரணம் இரைதான் என்று கொஞ்சம் துணிந்து சொல்லலாம்.

இதெல்லாம் வெறும் அறிவுக்காக மட்டும் இல்லை. இந்த விலங்கு செவுள்வலையில் மாட்டித்தான் அதிகம் சாகிறது, இது பல நாடுகளில் தெரிந்த உண்மை. எதிரொலியால் விரல் நீள மீனைக் கண்டுபிடிக்கிற விலங்கு வலையை ஏன் பார்க்கவில்லை என்று பலர் கேட்பார்கள். மெல்லிய நைலான் நூல் திருப்பி அனுப்பும் எதிரொலி மிகவும் பலவீனம், மிக அருகில் போனால்தான் தெரியும். மேலே சொன்ன அமைதி நீச்சலில் இருந்தால் அதுவும் தெரியாது. மீனைத் துரத்தும் கடைசி நொடியில், அதன் பார்வை முழுவதும் ஓரிரு மீட்டருக்குள் சுருங்கிவிடுகிறது, பின்னால் இருக்கும் வலை அதன் கணக்கிலேயே இல்லை. மாட்டினால் மூச்சுக்கு மேலே வர முடியாமல் சில நிமிடங்களில் உயிர் போய்விடும். வேட்டை இரவில் கூடுகிறது என்றால், வலை கிடக்கும் நேரமும் அதுவேதான். வெளிநாடுகளில் வலையில் சின்ன ஒலிப்பான்களைக் கட்டி ஹார்பர் போர்பாய்ஸ் சிக்குவதை நன்றாகக் குறைத்திருக்கிறார்கள். அதை அப்படியே இங்கே கொண்டுவரலாம் என்று நான் சொல்ல மாட்டேன். அது வேறு விலங்கு, இங்கே வலையும் வேறு, செலவை யார் ஏற்பது என்பதும் பெரிய கேள்வி. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இந்த விலங்கு இருப்பதால், தவறி மாட்டியதைச் சொன்னால் வம்பு வருமோ என்ற பயம் கரையில் இருக்கிறது. அந்தப் பயத்தால் எத்தனையோ தகவல் கடலோடு போகிறது என்பதுதான் என் பெரிய வருத்தம்.

நீங்களே ஏதாவது பதிவு செய்து பார்க்க ஆசைப்பட்டால் ஒரு எச்சரிக்கை. கைப்பேசியோடு சேர்த்து வாங்கும் சாதாரண நீருக்கடி மைக்கில் இது சுத்தமாக விழாது, அது 20 கிலோஹெர்ட்ஸை ஒட்டியே நின்றுவிடும். வினாடிக்கு மூன்று லட்சம் தடவைக்கு மேல் மாதிரி எடுக்கும் கருவி வேண்டும். ஹைட்ரோமோத் என்ற சின்னக் கருவி 3,84,000 வரை போகும், பெரிய ஆய்வுக் கருவிகளோடு ஒப்பிட்டால் விலையும் குறைவு. அது இல்லாமலே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது, அதற்கு உங்கள் அப்பா மட்டும் போதும். மூச்சுச் சத்தம் கேட்ட இரவுகளை மட்டும் எழுதாமல், கேட்காத இரவுகளையும் ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். எத்தனை மணிக்கு வலை விட்டார், எவ்வளவு நேரம் என்ஜின் நிறுத்திக் காத்திருந்தார், பிறையா இருட்டா, நீரோட்டம் எந்தப் பக்கம், வலையில் காரலா இறாலா, இவ்வளவு போதும். காற்று விழுந்த பகல்களில் அதே இடத்தில் என்ஜினை அணைத்துவிட்டு, அதே அளவு நேரம் கண்ணை நம்பாமல் காதால் கேட்கச் சொல்லுங்கள். இரவில் சத்தம் கேட்டதும் டார்ச்சைத் தூக்காமல், ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் நடுவில் எத்தனை என்று மெதுவாக எண்ணச் சொல்லுங்கள். கீழே போய் மேய்ந்துவிட்டு வந்தால் அந்த எண்ணிக்கை நீளும், இடத்துக்கு இடம் மாறும். ஒரே சீராக, குறைவாக, பக்கத்திலேயே திரும்பத் திரும்பக் கேட்டால், அது ஓய்வெடுத்துக்கொண்டிருக்கலாம். அப்படியென்றால் உங்கள் அப்பா இத்தனை நாளும் கேட்டது வேட்டையை அல்ல, இரவில் ஓய்வெடுக்கும் ஒரு விலங்கை என்றுகூட ஆகலாம். இரண்டு அமாவாசை கழிந்ததும் அந்த நோட்டோடு மறுபடியும் எழுதுங்கள், உட்கார்ந்து சேர்ந்தே பார்ப்போம்.